பட்டத்தின் பற்று வரவு

கணிதப் பட்டம் பெறச் செலவு எவ்வளவு, படும் கடன் எவ்வளவு, பின்னர் வரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் மாணவனைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். "அறிவுக்கு விலை ஏது?" என்பர் அவர். வயிறு நிறைந்தோர் வாயில் இவ்வாசகம் இனிக்கும். மலையகத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கும் உரிமை உண்டு என்பதே நமது கட்சி. ஆயின் அக்கணக்கை யார் பெயரில் எழுதுவது என்பதிலேதான் பிழை நேர்கின்றது.

1945இல் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வித் திட்டத்தின் பயனாக, அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டம் பயில்வோர் இந்நாட்டில் கட்டணம் செலுத்துவதில்லை. நமது தேயிலையைக் குடித்து வளர்ந்த இங்கிலாந்திலோ, 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுணாகத் தொடங்கிய கட்டணம் 2012இல் 9,000 பவுண் வரை ஏறிற்று. அங்குள்ள மாணவன் பட்டத்தோடு கடன் சுமையையும் ஏற்றே வெளிவருகிறான். அவனோடு ஒப்பிடின், அட்டனிலிருந்து பேராதனைக்கு ரயிலேறும் நம் மாணவன் கடனற்றவன். ஏட்டளவில் இது மெய்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். தாய் கொழுந்து பறிப்பவள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 25 பேர் கிடைத்தால் 33,750 ரூபா. அதிலும் கழிவுகள் உண்டு. குறித்த நிறை சேராத நாளில் விழுவது அரைப்பேர். மகனுக்கு மகாபொல உதவி கிடைத்ததென்றே கொள்வோம். அவ்வாண்டில் அது மாதம் 5,000 ரூபா. தாயின் நான்கு பேருக்கும் குறைவு. 2025இல் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது, உண்மைதான்; எனினும் அறை வாடகையும் உணவும் பயணமும் இதனுள் அடங்குமா? முன்னரே, உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழிற் கற்பிக்கும் ஆசிரியரைத் தேடி நகரத்துத் தனியார் வகுப்புக்குப் போன செலவு நிற்கின்றது. தாயின் தோடு அடகுக்குச் செல்கின்றது. கிழமைதோறும் கட்டவேண்டிய நுண்கடன் வாசலில் வந்து நிற்கின்றது. சாதாரண தரம் சித்தியடைந்த தங்கை, மேலே படிக்காமற் கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போகிறாள். தோட்டுக்கு அடகுச் சீட்டு உண்டு. தங்கை விட்டுச் சென்ற வகுப்புக்குச் சீட்டு எதுவும் இல்லை.

மலையகத்தாருக்குக் கடன் புதிதன்று. தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளி, வழிச்செலவுக்கான முன்பணத்தைக் கடனாகச் சுமந்தே மலையேறினான். அவன் பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர்க்கு அவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனோடு மனிதரும் கைமாறினர். 1921இல் துண்டு சட்டத்தால் ஒழிந்தது. பின்னர், தேயிலையே நாட்டின் பிரதான ஏற்றுமதியாய் நின்ற காலத்தில், அதனை விளைவித்தோரில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. ஊர்ப் பிள்ளைகள் இலவசக் கல்வியால் உயர்ந்த ஆண்டுகளில், தோட்டப் பாடசாலை துரையின் பொறுப்பிலே, ஆரம்ப வகுப்புகளோடு நின்றது, பெரும்பாலும் ஓராசிரியர். 1970களிலேதான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கிற்று. தேயிலை ஈட்டிய அந்நியச் செலாவணியில் நாடு பல்கலைக்கழகங்களை வளர்த்தது. தேயிலை பறித்தவளின் பிள்ளைக்கு அவற்றின் வாசல் ஒரு தலைமுறை பிந்தியே தெரிந்தது. இந்தப் பாக்கி யாருடைய பற்றில் எழுதப்பட்டிருக்கிறது?

இனி, பட்டம் பெற்றவன் முன் உள்ள சங்கடத்துக்கு வருவோம். கணிதம் கற்றவனைக் கொழும்பில் வங்கியும் காப்புறுதி நிறுவனமும் கணினி நிறுவனமும் அழைக்கின்றன. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையோ கணித ஆசிரியரின்றித் தவிக்கின்றது. "நீ சமூகத்துக்குக் கடன்பட்டவன், திரும்பி வா" என்று நாமும் மேடைகளிற் பேசியதுண்டு. இப்போது எண்ணிப் பார்க்கையில் அப்பேச்சு முழுதும் நேர்மையானதாகத் தோன்றவில்லை. அதே இலவசக் கல்வியைப் பெற்ற கொழும்பு வைத்தியரின் மகனிடம் இக்கடனை எவரும் கேட்பதில்லை. அவன் அவுஸ்திரேலியாவுக்குப் போனால் வாழ்த்துகிறோம். லயத்துப் பிள்ளை வங்கிக்குப் போனால் மட்டும் துரோகம் என்கிறோம். நூறாண்டுக்கு முன் துரை எழுதிய துண்டை நாம் வேறு மையினால் எழுதுகிறோமோ என்ற ஐயம் எழுகின்றது.

எனினும் அவன் திரும்பாமையால் விளைவு ஏதுமில்லை என்று சொல்லவும் இயலாது. கணித ஆசிரியர் இல்லாவிடத்துக் கணிதப் பிரிவு இல்லை. அடுத்த பிள்ளையின் தாயும் தனியார் வகுப்புக்காகத் தோட்டைக் கழற்றுவாள். ஆசிரியரை அமர்த்துவதும், அவருக்கு விடுதியும் தக்க சம்பளமும் தருவதும் அரசு தீர்க்கவேண்டிய பாக்கி. அதனை இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனின் மனச்சாட்சியில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள நாம் துணைபோகலாகாது.

அவனுக்கென்று ஒரு கடன் உண்டு. அது தங்கையிடம் பட்டது. தோட்டை மீட்டுவிடலாம், நுண்கடனை அடைத்துவிடலாம். கடையில் அவள் நின்ற நான்கு ஆண்டுகளுக்கு அவளது கலியாணச் செலவை ஈடாகத் தருவதே நம் குடும்பங்களில் வழக்கம். அதனோடு தீர்ந்ததென்று எல்லோரும் நிம்மதியடைகின்றனர். அவளுக்கு இப்போது வயது இருபத்தொன்று. உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அவள் இன்னும் தோற்றலாம். கொழும்பிற் சம்பாதிக்கும் அண்ணன், அவளது மாதச் சம்பளத்தைத் தானே வீட்டுக்குக் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் அவளைப் புத்தகத்தின் முன் இருத்தலாம். இணைந்த கணிதத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேறெவரையும் அவன் தேட வேண்டியதில்லை.