உதட்டில் ஒரு துளி

ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து, ஆலய விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும் வேளையில்தான் உண்மையான கேள்விகள் நம்மைத் தேடி வருகின்றன. அப்படியொரு மாலையில், ஒரகடம் சாலையிலுள்ள ஓர் ஆலையில் பணிபுரியும் இளம்பெண் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். தெற்கே ஒரு கடலோரக் கிராமம் அவருடைய ஊர். விடுதியில் தங்கி, மாதந்தோறும் வீட்டிற்குப் பணம் அனுப்புபவர். "சாமி, உதட்டுல ஊசி போட்டுப் பெருசாக்கிக்கிறது பாவமா?" என்று கேட்டார்.

அன்று நாம் களைத்திருந்தோம். அகத்தின் அழகே அழகு என்று, மறையுரையில் மிஞ்சியிருந்த நான்கு வாக்கியங்களைச் சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டோம். மூன்று வாரங்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தார். மேலுதட்டின் ஒரு பக்கம் கருத்துப் புண்ணாகியிருந்தது. ஊசி போட்டது ஒரு மாடி அறையில். போட்டவர் மருத்துவர் அல்லர். அன்றிரவே உதடு வெளுத்து, தாங்கொணா வலி எடுத்திருக்கிறது. "உடனே மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே, அம்மா?" என்றோம். "வெட்கமா இருந்துச்சு சாமி. உங்ககிட்ட வந்தா திட்டுவீங்கன்னும் நெனச்சேன்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் இன்றுவரை நம்மை விட்டு அகலவில்லை.

ஊசி வழியே உதட்டில் செலுத்தப்படும் அப்பொருள் பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம் என்னும் கூழ் ஆகும். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து முதன்முதல் பிரித்தெடுத்த பொருள் அது. நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இயல்பாகவே உள்ளது. ஆயினும், இயல்பானது என்பதால் அது எங்கும் தீங்கற்றது ஆகிவிடாது. உதட்டின் உட்புறச் சவ்வை ஒட்டி மெல்லிய தமனிகள் ஓடுகின்றன. அவற்றுள் கூழ் புகுந்தால் இரத்த ஓட்டம் அடைபட்டுத் திசு அழுகும். முகத்துத் தமனிகள் கண்ணுக்கு இரத்தம் தரும் தமனிகளோடு தொடர்புடையவை. எனவே, அரிதாகவேனும், கூழ் பின்னோக்கிச் சென்று பார்வையையே பறித்துவிடக்கூடும். இதை அறிந்த மருத்துவர் மிகச் சிறிய அளவாக, மெதுவாக, அதிக ஆழமின்றிச் செலுத்துவார். ஒவ்வொரு முறையும் உதட்டின் நிறத்தைக் கவனிப்பார். தோல் வெளுத்தால் அக்கணமே நிறுத்துவார். கூழைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் என்னும் மாற்று மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். அடைப்பு நேர்ந்தால் அதைச் சில மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். ஊசிக்குள் இருந்தது சிலிக்கான் எண்ணெயாயின் அதைக் கரைக்க அம்மருந்தாலும் இயலாது.

இவையெல்லாம் மருத்துவரின் கவலை, பாவமா இல்லையா என்பதே நம் கவலை என்று ஒரு பங்குக் குரு ஒதுங்கிக்கொள்ளலாமா? நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைத் திருத்தியது ஒரு பழைய உரை. 1958 அக்டோபர் 4ஆம் நாள், தாம் இறப்பதற்கு ஐந்து நாள்களுக்கு முன், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களிடையே உரையாற்றினார். உடலின் அழகு நன்மையே, ஆனால் நன்மைகளுள் உச்சமானதன்று என்பது அவர் நிலைப்பாடு. அழகுக்கான அறுவையை அவர் முற்றாகத் தள்ளவில்லை. நோக்கம் நேரியதாக இருக்கவேண்டும்; உடல்நலம் பெரும் ஆபத்திலிருந்து காக்கப்படவேண்டும்; காரணம் அறிவுக்கு ஏற்றதாகவும், மேற்கொள்ளும் வழிக்கு ஈடானதாகவும் இருக்கவேண்டும் என்றார். இவற்றுள் இரண்டாம் நிபந்தனையைக் கவனியுங்கள். பாதுகாப்பு என்பது அறநெறிக்கு வெளியே நிற்கும் தொழில்நுட்பம் அன்று. அறத்தின் உள்ளேயே அதற்கு இடமுண்டு. கையைக் கழுவாமல் ஊசி போடுகிறவர் தொழில் தெரியாதவர் மட்டுமல்லர். கொலை செய்யாதே என்னும் கட்டளையின் முன்னும் நிற்கிறார்.

இது மிகைக் கூற்று அன்று. பாதுகாப்பற்ற ஊசிகளால் 2000ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும், 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஏற்பட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. 2018இல் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் பலருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது, போலி மருத்துவர் ஒருவர் ஒரே ஊசியைப் பலருக்கும் பயன்படுத்தியதே காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அமெரிக்காவின் அல்புகெர்க்கி நகரில், உரிமம் பெறாத ஓர் அழகு நிலையத்தில் தத்தம் இரத்தத்தைக் கொண்டே முகப்பொலிவுச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் சிலர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானதை, அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024இல் வெளிப்படுத்தியது. வறுமையுள்ள இடத்திலும் செல்வமுள்ள இடத்திலும் கவனமின்மை ஒரே வேலையைத்தான் செய்கிறது.

நம் பகுதியில் இதற்கு ஒரு தனிச் சோகம் உண்டு. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் ஆலைகளில், உயிரற்ற பொருளுக்குக் காட்டப்படும் கவனத்தைக் கண்டு நாம் வியந்திருக்கிறோம். ஒரு சிறு மின்பலகையைத் தொடுமுன் கையுறை. நிலைமின்சாரம் தாக்காதபடி மணிக்கட்டில் பட்டை. எந்த நாளில் எந்தத் தொகுதியில் உருவானது என்பதற்கு எண். மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரு பூங்காவுக்கு ஒரகடத்தில் ஏறத்தாழ 350 ஏக்கர் ஒதுக்கப்பட்டுள்ளது. இத்தகைய இடத்தில், எட்டு மணி நேரம் கைப்பேசியின் பாகத்தைக் கண்ணின் மணிபோல் கையாண்ட பெண், தன் உதட்டைத் தொகுதி எண்ணற்ற ஒரு குப்பிக்கு முன் நீட்டுகிறாள். கருவிக்கு உள்ள காவல் அதைச் செய்தவளுக்கு இல்லை. நம் உடல் தூய ஆவியார் தங்கும் கோவில் என்று கொரிந்தியருக்குப் பவுல் அடியார் நினைவூட்டியதை நாம் எத்தனையோ முறை வாசித்துவிட்டோம். கோவிலுக்குள் யாரை, எந்தக் கையோடு விடுகிறோம் என்று கேட்க மறந்துபோனோம்.

"சாமியார் தடுக்க வேண்டியதற்கு வழிகாட்டலாமா?" என்று வாசகர் சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே. பாதுகாப்பாகச் செய்யப்படுவதாலேயே ஒரு செயல் தேவையானதாகிவிடாது. உதடு தடித்தால் வாழ்வு மலரும் என்னும் ஏக்கத்தை எந்த மருத்துவராலும் ஊசியால் நிரப்ப இயலாது. ஆனால் அந்த ஏக்கம் அப்பெண்ணிடம் எங்கிருந்து வந்தது? பெண் பார்க்க வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, முகம் எடுப்பாக இல்லை என்று சொல்லியனுப்பினார்களாம். நம் பங்கின் அறிவிப்புப் பலகையில் சிவந்த, அழகிய மணமகள் தேவை என்னும் தாள்களை அனுமதித்து ஒட்டவைத்தவர்கள் நாம்தாமே? ஈசாயின் மைந்தர்களுள் ஆண்டவர் தோற்றத்தைப் பாராமல் உள்ளத்தையே பார்த்தார் என்று பீடத்தில் நின்று போதிக்கிறோம். பலகையில் வேறொன்றைப் போதிக்கிறோம். இளம்பெண்கள் மறையுரையை மறந்து பலகையை நம்பினால், தற்பெருமை என்று அவர்களை மட்டும் சாடுவது நீதியாகுமா?

சாடுவதால் விளையும் தீமை வேறொன்றும் உண்டு. வெட்கப்படுத்தப்பட்டவர் விரும்பியதைக் கைவிடுவது அரிது. மறைவிடத்தைத் தேடுவதே வழக்கம். மறைவிடத்தில் மருத்துவர் இல்லை, மாற்று மருந்து இல்லை, மறுநாள் போய்க் கேட்க முகவரியும் இல்லை. நம் கண்டனத்திற்கு அஞ்சிய அப்பெண், பொன்னான மணி நேரங்களை விடுதிக் கட்டிலில் அழுதே கழித்தார். அக்கருமையில் நம் பங்கும் ஒரு துளி உண்டு.

ஆகவே, பெற்றோரே, இளையோரே, எளிய சில சொற்களை மனத்தில் இருத்துங்கள். வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை கடைசி நொடி வரை உங்களுக்கு உண்டு. வேண்டுமென்று முடிவெடுப்போர், ஊசி பிடிப்பவர் பதிவுபெற்ற மருத்துவரா, இச்சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். முத்திரை உடையாத குப்பி உங்கள் கண்முன் திறக்கப்படட்டும். கரைக்கும் மருந்து அறையில் உள்ளதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்குச் சினப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தவிர்ப்பது நன்று. ஊசிக்குப் பின் கடும் வலியோ, வெளுப்போ, வலைபோன்ற நீலத்திட்டோ, பார்வை மங்கலோ தோன்றினால் அன்றே, அப்போதே மருத்துவமனை செல்லுங்கள். வெட்கம் பிறகு பார்த்துக்கொள்ளத் தக்கது.

நல்ல சமாரியர் காயத்தைத் தொட்டுக் கட்டியதோடு போய்விடவில்லை; சத்திரத்தில் சேர்த்தார், செலவுக்குத் தந்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார். பிறர் உடலைத் தொடும் உரிமை, மறுநாளும் அவருக்குப் பொறுப்பேற்கும் கடமையோடுதான் வருகிறது. இது மருத்துவருக்கு மட்டுமன்று, மேய்ப்பருக்கும் பொருந்தும்.

அரசு மருத்துவமனையில் தோல்நோய் மருத்துவர் ஒருவரின் பொறுமையால் புண் ஆறியது. சிறு தழும்பு எஞ்சியுள்ளது. அவர் இப்போதும் மாலைத் திருப்பலிக்கு வருகிறார், முகத்தை மூடாமல். பலகையிலிருந்த அந்தத் தாள்களை நாம் அகற்றிவிட்டோம். இனி யாரேனும் அதே கேள்வியோடு வந்தால், பாவமா என்பதற்கு விடை சொல்லுமுன் அவரை அமரச் செய்து, "யார் போடுகிறார்கள், மகளே? உனக்கு என்ன குறை என்று யார் சொன்னது?" என்று கேட்போம். விளக்கை அணைப்பதற்கு அப்புறம் நேரமிருக்கிறது.