காவல் தெய்வம் எந்த ஊர்க்காரர்?

ஏப்ரல் 23 அன்று இங்கிலாந்தின் காவல் புனிதராகக் கொண்டாடப்படும் ஜார்ஜ், இங்கிலாந்து மண்ணை மிதித்தவர் அல்ல. ரோமானியப் படைவீரரான அவரைக் கப்பதோக்கியாவோடும் பாலஸ்தீனத்து லித்தா ஊரோடும் சேர்த்துத்தான் மரபு பேசுகிறது. நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்து கொண்டாடும் அந்திரேயா, கலிலேயாக் கடலில் வலை வீசியவர். ஐரிஷ்காரர்களின் பேட்ரிக் பிறந்ததே பிரிட்டனில். பதினாறு வயதுப் பையனைக் கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டு போய் அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். மந்தை மேய்த்து, தப்பி ஓடி, பல வருஷம் கழித்துத் தன்னை அடிமையாக வைத்திருந்த சனங்களிடமே மதபோதகராகத் திரும்பி வந்தார். நால்வரில் வேல்ஸின் டேவிட் ஒருவர்தான் உள்ளூர்க்காரர். அசலூர்க்காரர்களைக் காவலுக்கு வைத்துக்கொண்டு, 'நாங்கள் இந்த மண்ணின் மைந்தர்கள்' என்று அவர்கள் பெயரிலேயே கொடி பிடிப்பது வேடிக்கைதான். ஆனால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிற சங்கதி அல்ல இது. ஓர் ஊர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குக் காவல் தெய்வங்களின் வரலாற்றில் ஒரு பதில் கிடக்கிறது. கோவையின் பீளமேடு மாதிரி வந்தவர்களால் நிறைந்துபோன இடங்களுக்கு அந்தப் பதில் இப்போது வேண்டியிருக்கிறது என்பது என் கட்சி.

நம் பக்கத்துக் கதையும் இதேதான். கோவையின் காவல் தெய்வம் கோனியம்மன். கோவன் என்ற இருளர் தலைவனோடு சேர்த்துத்தான் அவள் கதையைச் சொல்வார்கள். அப்படியானால் இன்று அவள் தேர்வடம் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன் இங்கே காடு திருத்த வருவதற்கு முன்பே காட்டுக்குடிகளுக்குச் சாமியாக இருந்தவள். அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்துத் தண்டு மாரியம்மனின் கதையோ திப்பு சுல்தானின் படை தண்டு இறங்கிய இடத்தில் தொடங்குகிறது. படைவீரன் கனவில் வந்து, அம்மை கண்டவர்களைக் காத்து, படை போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள் அவள். மூன்றாவது பிளேக் மாரியம்மன். இந்தப் பெயரில் கோவையில் பல கோயில்கள் உண்டு, பீளமேட்டிலும் உண்டு. 1894இல் ஹாங்காங்கில் பரவி, 1896இல் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்து, ரயிலோடு உள்நாட்டுக்குள் புகுந்து, இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொன்ற நோய் அது. வந்த நோயும் புதிது, அதன் பெயரும் வெள்ளைக்காரன் பெயர். அந்தப் பெயரையே அம்மனுக்கு வைத்துக் கும்பிட்டார்கள். பீளமேட்டின் பழைய குடும்பங்களில் பலவும் விஜயநகரக் காலத்தையொட்டித் தெலுங்கு பேசிக்கொண்டு தெற்கே இறங்கியவர்கள்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கும்பிட்டவர்களும் ஒரு காலத்தில் வந்தவர்கள், கும்பிடப்பட்டவளும் வந்தவள்.

அப்புறம் ஊர் என்று எதைச் சொல்வது? கொங்கு நாட்டு மாரியம்மன் நோம்பியின் நடைமுறையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் விடை தெரியும். பூச்சாட்டியதும் ஊருக்குச் செய்தி போய்விடும். மூன்று கிளையாகப் பிரிந்த மரக்கிளை ஒன்றை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, கோயிலுக்கு முன்னால் கம்பமாக நடுவார்கள். அன்று முதல் விடியக்காலையில் பெண்கள் ஈரச்சேலையோடு குடங்குடமாக அந்தக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ராத்திரியில் இளவட்டங்கள் பறையடிக்கு அதைச் சுற்றி ஆடுவார்கள். பூவோடு, மாவிளக்கு, பொங்கல், கெடாவெட்டு, மஞ்சள் நீர் என்று வரிசையாக முடிந்த பிறகு கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றிலோ ஆற்றிலோ விடுவார்கள். இதில் என் கவனம் ஒரே ஒரு விதியின்மேல். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் போய் ராத்தங்கக் கூடாது. பல ஊர்களில் அசலூர்க்காரர் வந்தும் ராத்தங்கக் கூடாது. அம்மை நோய்க்குரிய தெய்வத்தின் நோம்பியில் இப்படி ஒரு விதி இருப்பதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நோய்த்தடுப்பு அறிந்து செய்தார்கள் என்று பெருமையடிக்க வரவில்லை. அது இன்னொரு வகைப் பொய். நான் பார்ப்பது விதியின் உள்ளே இருக்கும் கணக்கை. இந்தப் பதினைந்து நாளும் இங்கே இருப்பவர் எவரோ, இங்கே வருகிற கெடுதலில் பங்கு உள்ளவர் எவரோ, அவர்தான் ஊர்க்காரர். பிறப்பு அங்கே பேச்சில்லை, இருப்புதான் பேச்சு.

இதே கணக்கை இங்கிலாந்தின் பழைய பங்குகளில் காணலாம். தேசப் புனிதர்களைவிட உயிரோடு இருந்தவை அந்தந்த ஊர்க் கோயில் திருநாள்கள்தான். 'வேக்ஸ்' என்று அவற்றைச் சொன்னார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில், 1536இல், ஊருக்கு ஊர் வெவ்வேறு நாளில் திருநாள் வைத்தால் வேலை கெடுகிறது, அறுவடை கெடுகிறது என்று சொல்லி, கோயில் அர்ப்பணத் திருநாள்களையெல்லாம் அக்டோபர் முதல் ஞாயிறுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு போட்டார்கள். சனங்கள் கேட்கவில்லை. சுமார் இருநூற்றைம்பது வருஷம் கழித்து லங்காஷயரில் பஞ்சாலைகள் வந்தபோதும் வேக்ஸ் சாகவில்லை. தொழிலாளி எப்படியும் வரமாட்டான் என்று தெரிந்ததும் முதலாளிகளே ஒவ்வோர் ஊரின் வேக்ஸ் வாரத்தில் ஆலையை மூடினார்கள். பாய்லரைச் சரிபார்க்கவும் அது தோதாக இருந்தது. ஊரே ரயிலேறிக் கடலோர பிளாக்பூலுக்குப் போனது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்ற பட்டத்தைச் சுமக்கும் நமக்கு இது அந்நியக் கதை அல்ல. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லுக்குப் பின், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பீளமேடும் சிங்காநல்லூரும் மில் ஊர்களான காலத்தில், ஊர் நோம்பிக்கு லீவு கேட்காத மில் தொழிலாளி உண்டா? லங்காஷயரில் ஆலைகள் மூடியதும் வேக்ஸ் வாரமும் போயிற்று. புனிதரை மறந்து அவர்கள் அதை விட்டுவிடவில்லை. ஒரே சங்கொலிக்கு எழுந்தவர்கள் கலைந்துபோனார்கள், அவ்வளவுதான்.

சிறிய ஊரின் அச்சத்தில் பிறந்த திருநாளைப் பெரிய தேசத்தின் பெருமைக்காக நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜும் பேட்ரிக்கும் சாட்சி. ஜார்ஜை உயர்த்தியது ஊர் அல்ல, அரண்மனை. 1348 வாக்கில் மூன்றாம் எட்வர்ட் தன் வீரர்களுக்காக ஏற்படுத்திய கார்ட்டர் அணிக்கு அவரைக் காவலராக்கினார். அது கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் நுழைந்த வருஷமும்கூட. சனங்கள் செத்துக்கொண்டிருக்கையில் அரசருக்கு வாள் பிடித்த புனிதர் தேவைப்பட்டார். இன்றைக்கும் அவர் நாள் இங்கிலாந்தில் பொது விடுமுறை இல்லை. அவருடைய சிவப்புச் சிலுவைக் கொடி கால்பந்து மைதானத்துக்கும், வந்தேறிகளைத் திட்டும் ஊர்வலத்துக்கும் பயன்படுகிறது. தானே வெளியூர்க்காரரான பாவம் ஜார்ஜ்! பேட்ரிக்கின் கதை வேறு மாதிரி. மார்ச் 17 அயர்லாந்தில் வழிபாட்டு நாளாகத்தான் இருந்தது. 1927இல் சட்டம் போட்டு அன்று மதுக்கடைகளையே மூடினார்கள், முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தது. பச்சைத் தொப்பியும் அணிவகுப்பும் வளர்ந்தது அமெரிக்காவில், அங்கே இளக்காரமாக நடத்தப்பட்ட ஐரிஷ் அகதிகளின் நடுவே. இழிவுக்கு எதிராகச் சேர்ந்து நடந்தவரை அந்த அணிவகுப்புக்கு அர்த்தம் இருந்தது. ஆபத்து விலகியதும் எஞ்சியது பச்சை பீர். அயர்லாந்தின் உள்ளூர்ப் புனிதர்களின் கிணறுகளோ அமைதியாக நீடிக்கின்றன. மேற்றிராணிமார் தடுத்தும், கிணற்றை வலம் வந்து பக்கத்து மரத்தில் துணி முடிந்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்மூர் மரத்தில் தொட்டில் கட்டுகிறவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

பகுத்தறிவாளர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: பிளேக்கை ஒழித்தது மாரியம்மனா? இல்லை. 1897இல் பம்பாயில் ஹாஃப்கின் தடுப்பூசி கண்டார். எலியும் தெள்ளுப்பூச்சியும் காரணம் என்று தெரிந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் மருந்து நோயை ஒழிக்கும். நோய் வந்தபோது யார் யாருக்குப் பொறுப்பு என்ற கேள்வியை ஒழிக்காது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், பீளமேட்டுக்கு வெகுதூரம் இல்லாத இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். படம் உலகமெல்லாம் சுற்றியது, பலர் நகைத்தார்கள். எனக்கு அந்தச் சிலையின் குறை மூடநம்பிக்கையாகத் தெரியவில்லை. பொதுமக்களை உள்ளே விடாமல் பூசை நடந்தது, அந்தச் சூழலில் அது சரியும்கூட. ஆனால் பூச்சாட்டு இல்லை, காப்பு இல்லை, வீட்டுக்கு வீடு வாங்கும் நோம்பி வரி இல்லை. சிலை இருந்தது, அதற்கு ஓர் ஊர் இல்லை. அதே மாதங்களில் தெருவுக்குத் தெரு சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர்களிடம் சிலை இல்லாமலே ஊர் இருந்தது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் சாதி. ஊர் என்று உருகுகிறீர்களே, கொங்கில் ஊர் என்றால் ஊரும் சேரியும் என்றுதானே பொருள், சேரிக்கு வேறு மாரியம்மன்தானே என்று ஒருவர் கேட்டால் மழுப்பக் கூடாது. அது உண்மை. பறை மட்டும் வேண்டும், அடிப்பவர் கோயிலுக்குள் வரக் கூடாது என்று இருந்த ஊர்கள் உண்டு. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: விலக்கி வைப்பதன் கருவி பெரும்பாலும் வரிதான். 'உங்களிடம் வரி வாங்குவதில்லை' என்பது சலுகைபோல ஒலிக்கும். உண்மையில் அது, உங்களுக்குப் பங்கில்லை என்ற தீர்ப்பு. தாசில்தார் முன்னால் நடக்கும் சமாதானக் கூட்டங்களில் எத்தனையோ தரப்புகள் 'எங்களிடமும் வரி வாங்குங்கள்' என்று கேட்பது அதனால்தான். காசு கொடுக்கிறேன் என்று போராட வேண்டிய விசித்திரமான இடம் அது. என் வாதம் இந்த ஆட்சேபத்தால் விழுவதாக நான் எண்ணவில்லை, அதிலிருந்துதான் வலுப்பெறுகிறது. இருப்புதான் கணக்கு என்றால் சேரியை விலக்கியவர்கள் தெய்வத்தின் கணக்கையே திருத்தியவர்கள். கிருமி சேரிக்கும் ஊருக்கும் நடுவில் எல்லைக்கல் பார்த்து நின்றதில்லை.

சமயம் கலக்காத நாள் ஒன்று போதாதா என்பார்கள். இருக்கிறது. கோவை மாவட்டம் உருவான 1804 நவம்பர் 24ஐ நினைத்துக் கோவை நாள் கொண்டாடுகிறார்கள். கோயம்புத்தூர் விழா என்று பாட்டும் ஓட்டமும் கண்காட்சியுமாக நடக்கிறது. நல்லதுதான், எனக்கு அதில் பகை இல்லை. ஆனால் அந்த விழா நம்மிடம் எதையும் கேட்பதில்லை; வந்து பார், படம் எடு, போ. கோனியம்மன் தேர் நாளோ நகரத்தின் நடுவயிற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மாசி மாதத்துப் புதன்கிழமை ராஜவீதித் தேர்நிலைத்திடலில் புறப்படும் தேர்மீது சனங்கள் உப்பை வீசுகிறார்கள். ஒப்பணக்காரவீதியில் பள்ளிவாசல் பக்கம் இஸ்லாமியர்கள் தண்ணீர் பாட்டிலோடு நிற்பதை அண்மை வருஷங்களில் செய்திகளில் பார்க்கிறோம். 1997 கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும் நடந்த நகரம் இது. தண்ணீர் கொடுக்கிறவர் அம்மனை நம்ப வேண்டியதில்லை. அந்தத் தெரு தனக்கும் வேண்டும் என்று நம்பினால் போதும். எந்தக் கண்காட்சி அரங்கிலும் இப்படி ஒரு வாய்ப்பு அமைவதில்லை.

இனி பீளமேட்டின் கணக்கு. கல்லூரி விடுதிகள், ஆஸ்பத்திரிகள், டைடல் பார்க், விமான நிலையம், பவுண்டரியிலும் பம்ப்செட் பட்டறையிலும் வேலைசெய்யும் பீகார், ஒடிசாப் பையன்கள், அடுக்குமாடிகளில் கேரளத்திலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள். சித்திரையிலும் மாசியிலும் மைக்செட் கட்டும்போது இவர்கள் எல்லாருக்கும் அது யாரோ ஒருவருடைய விசேஷம், ட்ராபிக் தொல்லை. ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் அடுக்குமாடிச் சங்கத்திடம் 'நன்கொடை' என்று எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். விடுதிக்கும் பட்டறைக்கும் அதுகூட இல்லை. நன்கொடை கொடுத்தவருக்குப் பிரசாதம் உண்டு, பேச்சு இல்லை. நான் கேட்பது, கதவுக்குக் கதவு, எந்த மொழி எந்தச் சாதி என்று பாராமல், இயன்ற அளவுக்கு, வரி என்றே எழுதி வாங்குங்கள் என்பது. வேண்டாம் என்கிற நாத்திகரும் வேற்று மதத்தவரும் சாக்கடைக்கோ தெருவிளக்குக்கோ தண்ணீர்ப் பந்தலுக்கோ தங்கள் பங்கைக் கட்டட்டும். ஒப்பணக்காரவீதி அதற்கு முன்மாதிரி காட்டிவிட்டது. வந்தவர்கள் இதற்கு ஒப்புவார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. என் சந்தேகம் எதிர்ப்பக்கம். வரி கட்டியவருக்கு, நோம்பி முடிந்து கோயில் திண்ணையில் கணக்கு வாசிக்கும்போது எதிரே உட்காரவும், மைக்செட்டுக்கு ஏன் இவ்வளவு, மின்விளக்கை யார் ஏலம் எடுத்தது என்று கேட்கவும் உரிமை வந்துவிடும். பழைய தலைக்கட்டுகள் அதற்குத் தயாரா என்பதுதான் தெரிய வேண்டும்.