நட்பிற் பிழையும் கழுவாயும்

நண்பனுக்கு இழைத்த துரோகத்திற்குக் கழுவாய் உண்டா? உண்டெனில் அதனை எவரிடம் செலுத்துவது? காலித் ஹொசைனி 2003-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி கைட் ரன்னர்’ என்னும் நாவல் இவ்வினாவையே நம் முன் நிறுத்துகின்றது.

காபூல் நகரிலே அமீர் செல்வர் வீட்டுப் பிள்ளை. ஹசன் அவ்வீட்டு வேலைக்காரனின் மகனாய் வளர்ந்தவன், தாழ்வாக எண்ணப்பட்ட ஹசாரா இனத்தவன். இருவரும் ஒருங்கே விளையாடினர். 1975-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒருநாள், அமீருக்காகப் பட்டம் எடுத்துவர ஓடிய ஹசனை ஒரு கொடியவன் சந்திலே மடக்கி மானபங்கம் செய்கின்றான். அமீர் மறைந்து நின்று கண்டும், வாய் திறவாது ஓடிவிடுகின்றான்.

இஃது அச்சத்தால் நேர்ந்த பிழை எனலாம். அடுத்து அவன் செய்ததோ அறிந்தே செய்தது. ஹசனைக் காணுந்தோறும் தன் குற்றமே தன்னை நோக்குவதாக உணர்ந்து, தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் அவன் படுக்கையின் கீழ் ஒளித்துத் திருட்டுப் பழி சுமத்துகின்றான். ஹசன் அப்பழியையும் ஏற்கின்றான். தீங்கு செய்தவன் தீங்குற்றவனையே வெறுக்கத் தொடங்குவது எத்துணைக் கொடிய இயல்பு!

நெடுநாள் நண்பர் பிழையைப் பொறுத்தல் சிறப்பென்பதைப் ‘பழைமை’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தினார். ஹசன் அவ்வாறே பொறுத்தான். ஆனால் அப்பொறுமை அவனுக்கு அணியேயன்றி, பிழைத்தவன் ஒதுங்கும் நிழலன்று. மேலும், எசமானன் மகனிடம் வேலைக்காரன் மகன் காட்டும் பொறுமையில் அன்பு எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்று அளந்தறிவார் யார்?

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யிலும், கொங்கு நாட்டில் ஆடு மேய்க்கும் பண்ணையாள் சிறுவன் கூளையனும் கவுண்டர் மகன் செல்வனும் கூடித் திரிகின்றனர். ஆட்டம் முடிந்ததும் ஒருவன் எசமான், மற்றவன் ஆள். நம் தோட்டங்களிலும் கிராணியார் வீட்டுப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒரே திடலில் பந்தாடியதுண்டு. பொருளொன்று காணாமற்போனால் ஐயம் எவன்மேல் முதலில் வீழ்ந்தது என்பதை வாசகர் அறிவர். துரோகத்தின் வித்து அந்த ஏற்றத்தாழ்விலேயே கிடந்தது.

இனிக் கழுவாய்க்கு வருவோம். அமெரிக்காவில் வாழும் அமீர், ஹசன் தாலிபானியரால் சுட்டுக் கொல்லப்பட்டதை 2001-இல் அறிந்து, அவன் மகன் சோராபை மீட்கக் காபூல் செல்கின்றான். அங்கே அப்பழைய கொடியவனிடமே அடியுண்டு குருதி சிந்தும்போது அவன் நெஞ்சம் ஆறுதல் அடைகின்றது. அதுவே மீட்சி என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அடிபட்டதால் ஆறியது குற்றவாளியின் நெஞ்சு. அச்சிறுவனுக்கு வந்த நன்மை யாது? புண்ணிய தீர்த்தத்தில் மூழ்கிப் பாவம் தொலைந்ததென்று வீடு திரும்புவதும் இவ்வகையினதே.

அதன்பின் அமீர், அநாதை விடுதிக்கு அனுப்பேன் என்று கொடுத்த வாக்கில் தளர்கின்றான். சிறுவன் உயிர்விடத் துணிகின்றான். பிழைத்தபின்னும் பேச்சற்றுப் போகின்றான். அமீர் அவனைக் கைவிடவில்லை. தன் இல்லத்திற் சேர்த்து, மறுமொழியற்ற அம்மௌனத்தோடு மாதக்கணக்கில் வாழ்கின்றான். கடைசியில் ஒரு பட்டத்தைக் கண்டு சிறுவன் இதழோரத்தில் சிறு நகை அரும்புகின்றது. அவ்வளவே கிடைத்த பயன். ஆயினும் கழுவாய் என்பது அங்கேதான் தொடங்கிற்று.

தீங்குற்ற நண்பன் உயிரோடிருந்தால் நேரிற் சென்று உண்மையைச் சொல்லுக. அவன் மறைந்திருந்தால் அவன் மக்கள் இருப்பர். அவர்க்கு வேண்டுவது நம் கண்ணீரன்று, அவர்க்குரிய உரிமையும் கல்வியும் துணையும் ஆகும்.