துக்க வீட்டுக்கு வராத சமயம்

மன்னார்குடியில் ராஜகோபால சுவாமிக்குப் பங்குனியில் பதினெட்டு நாள் உற்சவம். மல்லிநாதருக்குச் சமணக் கோயில் இருக்கிறது. மாதா கோயிலும் பள்ளிவாசலும் உண்டு. புத்தருக்குத்தான் இந்த ஊரில் ஆள் இல்லை. இத்தனைக்கும் பாலியில் பிக்குகளின் ஒழுக்கம் பற்றிய விநய நூல் எழுதிய புத்ததத்தர் உறையூர்க்காரர். அவர் தங்கி எழுதிய பூதமங்கலம், நம் கூத்தாநல்லூர்ப் பக்கத்து ஊர்தான் என்று கருதுவோர் உண்டு. நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தையே எழுதிவைத்தான்.

பௌத்தத்தைச் சைவம் விரட்டிவிட்டது என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. கழுவேற்றக் கதை சமணர்மேல் அல்லவா இருக்கிறது? அவர்கள் குடும்பம் குடும்பமாக இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறார்களே!

அம்மா போனபோது இந்த யோசனை வேறு பக்கம் திரும்பியது. பிள்ளையைப் பறிகொடுத்து, அதை உயிர்ப்பிக்க மருந்து கேட்டுப் புத்தரிடம் வந்த கிசாகோதமியின் கதை எனக்கு மனப்பாடம். சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வா என்றார் புத்தர். அவளுக்கு அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை. துக்கத்தைப் பற்றி அதைவிட நேர்மையாக யாரும் பேசியதில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வாரம் அது எனக்கு உதவவில்லை. பாமணியாற்றுப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்ததும், பிண்டம் பிடித்ததும், பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்ததும்தான் என்னை நிறுத்திவைத்தன. அந்தப் பிண்டம் அம்மாவுக்குப் போய்ச் சேரும் என்று நான் நம்பவில்லை. நம்பாமலே செய்தேன். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

வைணவம் பெருமாள் காலைப் பிடித்துக்கொள் என்கிறது. புத்தர் பிடியை விடு என்கிறார். விடுவதற்கும் கூட ஆள் வேண்டியிருக்கிறது. இலங்கைச் சிங்களவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். சாவு வீட்டுக்குப் பிக்குகள் வருகிறார்கள், வீட்டார் அவர்களுக்குத் துணி கொடுக்கிறார்கள், பிக்குகள் பிரித் என்ற காப்புப் பாடல்களை ஓதுகிறார்கள். ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் தானம் உண்டு. ஆன்மா இல்லை என்ற சமயம் செத்தவர் பேரில் புண்ணியம் அனுப்புகிறதே என்று பண்டிதர் சிரிக்கலாம். அங்கே அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

1956-ல் நாகபுரியில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவியவர்களும் தங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உடனே சடங்கு தேட வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்துப் பிக்குகள் ஆனைமங்கலத்து உழவன் வீட்டில் சாவு விழுந்தால் போனார்களா? ராஜராஜன் தானத்தைச் சொல்லும் செப்பேட்டில் நிலத்தின் எல்லை விவரமாக இருக்கிறது. சாவு வீட்டுக்குப் போனதையெல்லாம் அதில் எழுத மாட்டார்கள்தான். போயிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.