தசையும் நியாயமும்

உழைத்தவனுக்கு உழைப்பின் அளவே பயனும் கிட்டவேண்டும் என்னும் எண்ணம் மனித மனத்தில் ஆழ வேரூன்றியது. வாழ்க்கை அதனை நாள்தோறும் பொய்ப்பிக்கின்றது. ஆயினும் நாம் அதனைக் கைவிடுவதில்லை. உடற்கட்டுப் போட்டிகளைப் பற்றிய விவரணத் திரைப்படங்கள் பலரை ஈர்ப்பதற்கான காரணத்தை இவ்வெண்ணத்திலேயே தேடவேண்டும் எனத் தோன்றுகின்றது.

இப்படங்களை விரும்பிப் பார்ப்போருள் வாழ்நாளில் ஒருமுறையேனும் பாரந் தூக்காதவர் பலர். அத்தகைய உடல்களை அழகென்று ஒப்பாதவரும் உளர். விந்தையுருவைக் காணும் ஆவலே காரணமெனின் புகைப்படங்களே போதும். போட்டியை மட்டும் காட்டினாலோ விரைவிற் சலித்துவிடும். எண்ணெய் பூசிய மேனியர் மேடையில் முறுக்கி நிற்பதை எவ்வளவு நேரந்தான் பார்ப்பது? விவரணப்படம் மேடைக்கு முந்திய மாதங்களைக் காட்டுகின்றது. பரீட்சை எழுதும் மாணவனின் கண்விழிப்பைப் பரீட்சகர் அறியார். இங்கோ கண்விழிப்பே விடைத்தாளாகிவிடுகின்றது. தூக்கிய பாரமும் ஒறுத்த உணவும் தசையில் எழுதப்பட்டுள்ளன என்றும், அதனை இரவலாகப் பெறவியலாது என்றும் நாம் நம்புகின்றோம்.

இவ்வகைப் படங்களுள் மிகவும் பெயர்பெற்றது, ஜோர்ஜ் பட்லரும் றொபேட் பியோரேயும் நெறிப்படுத்தி 1977இல் வெளிவந்த ‘பம்பிங் அயர்ன்’. 1975இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் நிகழ்ந்த மிஸ்டர் ஒலிம்பியா, மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டிகளே அதன் களம். (நிறவெறி ஆட்சியின் தலைநகரில் மனித உடலின் மேன்மை கொண்டாடப்பட்ட முரண்பாடு படத்தாரைத் தொட்டதாகத் தெரியவில்லை.) ஆறாவது முறையாக ஒலிம்பியாப் பட்டத்தை வென்ற ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்னெகர், போட்டி நாட் காலையில் லூ பெரிக்னோவின் குடும்பத்தாரோடு உணவருந்துகின்றார், தம் வெற்றிச் செய்தியைத் தாயாருக்கு முன்னரே தொலைபேசியில் அறிவித்துவிட்டதாகச் சிரித்தபடி கூறுகின்றார். சிறு வயது முதலே செவிப்புலன் குறைந்த அவ்விளைஞரின் நம்பிக்கை நம் கண்முன்னே தளர்கின்றது. நாமோ ஆர்னோல்டுடன் சேர்ந்து சிரிக்கின்றோம். இச்சிரிப்பு எளிதில் மன்னிக்கத்தக்கதன்று. உழைப்பின் நீதியைக் காண வந்தவர் நாம். உழைப்போடு தந்திரமும் வென்றபோது மகிழ்கின்றோம்.

இன்னுமொன்று. பயிற்சியின் பொருட்டுத் தந்தையின் ஈமச்சடங்குக்கும் செல்லவில்லை என்று ஆர்னோல்ட் படத்திற் கூறுவது புனைந்துரையே எனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். மைக் கற்ஸின் ரீசேட்டை ஒளித்துவைக்கக் கென் வொலர் திட்டமிடும் காட்சியும் போட்டி முடிந்த பின்னரே படமாக்கப்பட்டது. சொல் பொய்க்கலாம், காட்சி பொய்க்கலாம், உடல் பொய்க்காது என்று நாம் ஆறுதலடைவோமாயின் அதற்கும் இடமில்லை. தாம் ஸ்டெரொயிட் மருந்துகளைப் பயன்படுத்தியதை ஆர்னோல்ட் பின்னர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். படத்தில் அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறப்பிலேயே வாய்த்த எலும்பின் அகலமும் தசையின் அமைப்பும் எவருடைய உழைப்பின் பயன்?

அங்ஙனமாயின் இப்படத்தில் மெய்யென எஞ்சுவது யாது? எனக்கு நினைவில் நிற்பவர் கற்ஸ். சிறுவயதில் ஏளனத்துக்குள்ளானவர், ஆசிரியர், பிள்ளைகளின் தந்தை. நான்காமிடமே பெற்ற அவர், வொலரைத் தேடிச்சென்று பாராட்டவேண்டும் என்கின்றார். அவரது முகத்திற் புன்னகையும் தோல்வியும் ஒருங்கே தோன்றுகின்றன. அம்முகத்தை எவரும் ஒத்திகை பார்த்திருக்கவியலாது.

1985இல் வெளிவந்த இரண்டாம் படம் பெண்களைப் பற்றியது. இவ்வினாவை மேலும் கூர்மையாக்குவது. 1983இல் லாஸ் வேகஸில் நடந்த போட்டியே அதன் பொருள். அவுஸ்திரேலியரான பெவ் பிரான்சிஸ் பாரந்தூக்கும் வீராங்கனை. ஏனைய போட்டியாளரினும் மிகுந்த தசை படைத்தவர். போட்டியின் பெயரோ தசையழகு. ஆயினும் பெண்மைக்கு எல்லை எது என நடுவர்களும் அமைப்பாளரும் வாதிடுகின்றனர். ஒரு பெண் எவ்வளவு உழைக்கலாம் என்பதற்கு அளவுகோல் தேடுகின்றனர். பட்டம் கார்லா டன்லப்புக்குச் செல்கின்றது. பெவ் பிரான்சிஸ் பெற்றது எட்டாமிடம். அவருடைய உடலை அழகென்று நான் ஒருகாலும் கருதியதில்லை. எனினும் அம்முடிவு அறிவிக்கப்பட்டபோது எழுந்த சினம் அடங்க வெகுநேரமாயிற்று.