பாட்டரியின் மேல் பழி

காலையில் மோட்டார் சைக்கிளின் பொத்தானை அழுத்துகிறோம். 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. விளக்கு மங்குகிறது, ஹாரன் கம்முகிறது. உடனே தீர்ப்புச் சொல்லி விடுகிறோம்: "பாட்டரி போச்சு!" விசாரணை இல்லை, சாட்சி இல்லை. கண்ணெதிரே விழுந்து கிடப்பவனைக் குற்றவாளியாக்குவதில் நமக்குள்ள அவசரமே அலாதி.

பாட்டரி தானாகச் சம்பாதிப்பதல்ல. 1859-ல் காஸ்டன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, தீர்ந்தபின் மறுபடியும் நிரப்பக்கூடிய பாட்டரியைச் செய்தார். அன்றிலிருந்து அதன் தர்மம் இதுதான்: கொடுத்தால் வைத்திருக்கும், கேட்டால் தரும். கொடுக்க வேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். என்ஜின் சுழலும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அது ரெக்டிஃபையரில் ஒரே திசையில் ஓடும் மின்சாரமாகி, ரெகுலேட்டரில் அளவு பெற்று, பாட்டரிக்கு வந்து சேர வேண்டும். காயில் கருகினாலோ, இணைப்பில் களிம்பு ஏறினாலோ வரவு குன்றிவிடுகிறது. செலவு மட்டும் குறைவதில்லை.

விஷயம் தெரிந்த மெக்கானிக் முதலில் மீட்டரை எடுக்கிறார். ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பாட்டரி நிறைந்திருந்தால் 12.6-க்குக் குறையாது. அடுத்து என்ஜினை ஓடவிட்டுச் சற்று முறுக்குகிறார். இப்போது அளவு ஏறக்குறைய 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் பாட்டரிக்குச் சோறு வரவில்லை என்று அர்த்தம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டு விட்டது. அளவுமீறிய ஊட்டத்தில் பாட்டரி நீர் வற்றிச் சாகும். (பிள்ளை வளர்ப்பவர்கள் இந்த இரண்டாவது ரகத்தையும் யோசித்துப் பார்க்கலாம்.) வயதாகிச் சாகும் பாட்டரியும் உண்டு, அதைப்பற்றி வழக்கில்லை.

இதுவரை நியாயம் எளிது. சங்கடம் இனிமேல்தான். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்து விடுகிறது. அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் அது சரியாக ஏற்றுக்கொள்ளாது. கடையில் சோதித்துப் பார்த்து, "பாட்டரி கெட்டதுதான்" என்பார்கள். உண்மைதான்! ஆரம்பத்தில் பொய்யாகச் சுமத்திய பழி, காலப்போக்கில் மெய்யாகி விட்டது.

மனிதர்கள் விஷயத்தில் நாம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். காமராஜர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தபோது, பள்ளிக்கு வராத பிள்ளையை ஏசுவதை விட்டு அவன் பசியைப் பார்த்தார்கள். அது வேளையில் செய்த காரியம். வேளை தப்பியவன் கதி என்ன? பத்து வருஷம் பட்டினியும் ஏச்சும் தின்று வளர்ந்தவன் இருபது வயதில் மெய்யாகவே எதற்கும் லாயக்கில்லாதவனாக நிற்கிறான். "அவன்மேல் குற்றமில்லை" என்று சொல்லிவிட்டால் நம் மனம் குளிர்கிறது. அவனுக்கு வேலை தெரிந்துவிடுவதில்லை. "அவனே உதவாக்கரை" என்றாலோ, பாதி உண்மையைச் சொல்லி முழுப் பொய்யைச் சாதிக்கிறோம். என்னைக் கேட்டால், இவ்விரண்டில் முதலாவதுதான் அதிக ஆபத்தானது. அதில் இரக்கத்தின் வாசனை இருப்பதால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

பட்டறையில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. கெட்ட பாட்டரியை மாற்றத்தான் வேண்டும். காயிலையும் பார்த்தாக வேண்டும். அதைப் பாராமல் புதுப் பாட்டரியைப் பூட்டிக்கொண்டு போகிறவர் சில நாள் சுகமாகவே ஓட்டுகிறார். பழையதை எடுத்துக்கொண்ட கடைக்காரர் அதை ஈய விலைக்குப் போட்டுவிடுகிறார். காயில் வண்டியிலேயே இருக்கிறது.