மூளைப் படமும் மனித மாண்பும்

விபத்தினாலோ பக்கவாதத்தினாலோ நினைவிழந்து, கண் திறந்திருந்தும் எதற்கும் பதில் தராமல் படுத்திருப்போர் உண்டு. அவர்களைச் சந்திக்கச் செல்லும் அருள்பணியாளரிடம் குடும்பத்தார் கேட்கும் கேள்வி ஒன்றே: "சாமி, நாங்க பேசுறது இவருக்குக் கேக்குமா?" இக்கேள்விக்கு விடை தேட இன்று மருத்துவ அறிவியல் முன்வந்துள்ளது.

மூளையில் ஒரு பகுதி மிகுதியாக உழைக்கும்போது உயிர்வளி நிறைந்த இரத்தம் அங்கே கூடுதலாகப் பாய்கிறது. உயிர்வளியுள்ள இரத்தத்தின் காந்தப் பண்பு வேறு. அதை இழந்த இரத்தத்தின் காந்தப் பண்பு வேறு. இவ்வேறுபாட்டைக் கொண்டு எம்.ஆர்.ஐ. கருவியினால் மூளையின் இயக்கத்தையே படமாக்கலாம் என்னும் வழியை 1990இல் செய்ஜி ஒகாவா என்னும் ஜப்பானிய அறிஞர் திறந்துவைத்தார்.

2006இல் ஏட்ரியன் ஓவன் என்பவரின் குழுவினர் இங்கிலாந்தில் 23 வயதுப் பெண்ணொருவரை இம்முறையில் ஆய்ந்தனர். சாலை விபத்தில் அடிபட்டு ஐந்து மாதங்களாக எவ்விதப் பதிலும் தராதிருந்தவர் அவர். "டென்னிஸ் ஆடுவதாக எண்ணிப் பாருங்கள்" என்று சொன்னபோது, நலமுடையோர் மூளையில் எப்பகுதி இயங்குமோ அதே பகுதி அவருக்கும் இயங்கிற்று! 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், கட்டளைக்கு வெளிப்படையாகப் பதில் தராத 241 பேரில் 60 பேரிடம் இத்தகைய மறைவான பதில் காணப்பட்டது.

இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், மற்ற 181 பேரின் நிலை என்ன? படத்தில் ஒளி தோன்றாததால் அவர்கள் மனிதர் என்னும் நிலையில் குறைந்துவிட்டனரா? அதே ஆய்வில், வெளிப்படையாகவே பதில் தரக்கூடிய 112 பேரிலும் 43 பேரிடம் மட்டுமே கருவி அதனைக் கண்டது. ஆகவே கருவியின் மௌனத்தை மனிதரின் இன்மைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பெரும்பிழை.

ஆரணி, கண்ணமங்கலம் பகுதியில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். தெருவில் நடப்பவர் தறியோசையைக் கேட்டு, உள்ளே நெசவு நடக்கிறது என்று அறிவார். புடவையில் விரியும் பூவேலைப்பாட்டை அவ்வோசை காட்டாது. ஓசை நின்றுவிட்டால், வீட்டில் நெசவாளியே இல்லை என்று எவரேனும் முடிவு கட்டுவரோ? ஆன்மா உடலின் ஏதோவொரு மூலையில் குடியிருப்பதன்று, உடல் முழுவதையும் உயிர்ப்பிப்பது என்றார் புனித தோமா அக்குவினார். மாண்பு ஓர் உறுப்பின் இயக்கத்தைப் பொறுத்ததன்று. பொறுத்ததெனில், பரிசோதனைக்குப் பணம் கட்ட இயலாத கூலி நெசவாளியின் மாண்பை யார் மெய்ப்பிப்பது?

1973இல் கொடிய தாக்குதலுக்கு ஆளாகி மூளை சிதைந்த செவிலியர் அருணா ஷான்பாக்கை, 2015இல் அவர் இறக்கும்வரை, மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். அப்பணி தொடங்கியபோது இத்தகைய மூளைப் படம் பிறக்கவேயில்லை. உணவை நிறுத்தி அவரைச் சாகவிடக் கோரிய மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளியபோது, அவர் வாழவேண்டும் என்று உறுதியாய் நின்றவர்கள் அச்செவிலியர்களே.

பயனற்ற, தாங்கொணாச் சுமையான சிகிச்சையைத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்று திருச்சபை கற்பிப்பதில்லை. சிகிச்சையை எடைபோடலாம்; மனிதரை எடைபோடலாகாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2004 மார்ச்சில் இதனை வலியுறுத்தி, எந்நிலையிலும் மனிதர் மனிதரே, ஒருபோதும் தாவரம் ஆவதில்லை என்று தெளிவுறுத்தினார்.

எனவே படம் எதைச் சொன்னாலும், படமே எடுக்கப்படாவிட்டாலும், நோயாளியைப் பெயர் சொல்லி அழைப்போம். அவர் கேட்கக் கூடாதவற்றை, சொத்துப் பேச்சையும் செலவுக் கணக்கையும், அவர் கட்டிலருகே பேசாதிருப்போம். அன்றாடம் உடல் துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்கும் மனைவியோ மகளோ களைத்துப் போகாதபடி, பங்கு மக்கள் முறைவைத்து ஓரிரு மணி நேரம் அவ்வீட்டில் துணையிருக்கலாமே!